நாலாவது தாங்கி

பிளேடு பாதியிலேயே ஒட்டிக்கொண்டது. செவில் அதை ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தாள். இரண்டு பக்கமும் கரும்பசை அப்பியிருந்தது. வெந்த ரப்பரை வெட்டினால் பிளேடு துடைத்ததுபோல் சுத்தமாக வரவேண்டும். ஒன்பது வருடமாக இதே மேசையில் நின்று வெட்டுகிறாள், ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை.

உள்ளங்கையளவு இருந்த அந்த ரப்பர் வட்டைப் பிளந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேல்தோல் கெட்டியாக, யாரும் குறை சொல்லமுடியாதபடி பளபளவென்று இருந்தது. உள்ளேதான் மடிப்பு மடிப்பாக ஈரம். தொட்டாள், விரலோடு வந்தது. விரலை மேலங்கியில் துடைத்தாள்.

மணி எட்டரை. பதினோரு மணிக்குச் சோதனை.

அந்தக் கொட்டகையில் அவர்கள் செய்தது காந்தத்துக்குக் கட்டுப்படும் ரப்பர். சிலிக்கோன் பாகில் கோதுமை மாவைவிட நைசான இரும்புத்தூளைக் கொட்டிப் பிசைந்து, பெரிய காந்தச் சுருளுக்கு நடுவே வைத்து வேகவிடுவார்கள். தூள் வரிசை கட்டி நிற்க, அப்படியே ரப்பர் இறுகிவிடும். பிறகு அதைச் சுற்றி மின்சாரம் ஓடினால் விறைக்கும், நிறுத்தினால் குழையும். அந்த ரப்பரையும் இரும்புத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடுப்புயரத்துக்கு நான்கு தாங்கிகள் செய்திருந்தார்கள். நான்கின் மேலும் சோதனைக்கென்று கட்டிய ஓர் அறுவைச் சிகிச்சை அறையின் தளம் உட்கார்ந்திருந்தது. பூமி லேசாக அசைந்தால் தாங்கிகள் விறைத்து நிற்கும். பேயாட்டம் ஆடினால் மின்சாரம் நின்று, அவை குழைந்து கொடுத்து, தளத்தைத் தொட்டில்போல மெல்ல ஆடவிடும். மேலே வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. இதெல்லாம் எதற்கு என்று ஈரானின் தப்ரீஸில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பூமி ஆடாத பத்து வருடத்தை எங்கள் ஊர் பார்த்ததே கிடையாது.

ஒவ்வொரு தாங்கிக்கும் கலக்கிய பாகிலிருந்து ஒரு சிறு வட்டும் வார்த்து வைப்பது வழக்கம். இன்றைக்கு வரும் விருந்தினர் கையில் கொடுத்து வேடிக்கை காட்ட, நான்கு வட்டையும் நறுக்கி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர் கனிஸாதே. ஏழு வருடமாக இந்தத் தாங்கிகளோடு குடும்பம் நடத்துகிற அம்மாள் அவர். முதல் மூன்று வட்டும் வெண்ணெயாக வெட்டுப்பட்டன. நாலாவதுதான் இப்படி.

ஏன் இப்படி என்று செவிலுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

கலவை அறைக் கதவில் அவள் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது: வெள்ளைக் கையுறை உள்ளே வரக்கூடாது. ஆஸ்பத்திரிகளில் போடுகிற சாதாரண ரப்பர் கையுறைதான். அதில் கந்தகம் இருக்கிறது. அது லேசாகப் பட்டால்கூடச் சிலிக்கோனை இறுகவைக்கும் மருந்து செத்துவிடும், பாகு பாகாகவே கிடக்கும். ஆகவே நீலக் கையுறைதான் போடவேண்டும். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய பலூனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்த கிரேன்காரர் பைராமையே அவள் பிடரியைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளியிருக்கிறாள்.

நாலாவது தாங்கியின் கடைசி இரண்டு அடுக்கை வார்த்த அன்று கையிலிருந்த நீலக் கையுறை கிழிந்தது. பெட்டியில் வேறு இல்லை. தெஹ்ரானிலிருந்து வரவேண்டியது மூன்று வாரமாக வந்துகொண்டே இருந்தது. கலக்கிய பாகு நாற்பது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். அதுவோ வெளிநாட்டு டின்னின் அடிப்பாகு, இனி அது எந்த வழியாக எப்போது நாட்டுக்குள் வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. முதலுதவிப் பெட்டியில் வெள்ளைக் கையுறை இருந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி மாட்டிக்கொண்டு, மாவுபோல் கெட்டியாக இருந்த பாகை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் விரலால் அழுத்தி நிரப்பினாள். கழுவினால் போகாது என்பது அவளுக்கே தெரியும். பதிவேட்டில் எப்போதும்போல "நீலம்" என்று எழுதினாள்.

இப்போது அந்த இரண்டு அடுக்கும் நாலாவது தாங்கிக்குள் வேகாமல் உட்கார்ந்திருந்தன, மேலே ஆறு டன்.

நேற்று மணல் மூட்டைகளை அடுக்கி, தாங்கிகளுக்கு அடியிலிருக்கும் மேடையைப் பூமிபோல ஆட்டிச் சோதித்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்று தன்னைத்தானே தேற்றிப் பார்த்தாள். தேற்றிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. நேற்று மேடை ஆடிய நேரம் முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்வரை இரும்புத்தூள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், இடையிலிருக்கும் பசையையும் சேர்த்தே கவ்விக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது வெந்த மேல்தோலே தாங்கிவிடும். ஆடும்போது மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கும் சோதனை இன்றைக்குத்தான் முதல்முறை. மேடை ஆடத் தொடங்கிய இருபதாவது விநாடியில் கணினியே நிறுத்தும்.

போய்ச் சொல்லிவிடவேண்டியதுதானே என்று கேட்கலாம். அவளும் வட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைவரை போனாள். உள்ளே டாக்டர் கண்ணாடிமுன் நின்று தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏழு வருடத்தில் இப்படி அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. "செவிலம்மா, தூக்கமே வரல எனக்கு. எல்லாம் தயாரா?" என்று கேட்டார். "தயார் டாக்டர்," என்றாள் செவில். வட்டு அவள் மேலங்கிப் பையிலேயே இருந்தது. அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, அந்தப் பயமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், கதவில் தாள் ஒட்டிய செவிலே வெள்ளைக் கையுறை போட்டாள் என்று இந்த வாயால் சொல்வது.

இன்னொன்றும் அவளைக் கெடுத்தது. அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எது செய்தாலும், பாகு பிசைந்தவர்தான் முதல்முறை மேலே ஏறி நிற்கவேண்டும். ஆகவே இன்று ஏறப்போவது அவள்தான். விழுந்தால் நான்தானே விழப்போகிறேன் என்று நினைத்தாள். அது தைரியம் என்று அவளுக்குத் தோன்றியது. வெறும் கோழைத்தனம்தான் அது, கொஞ்சம் நல்ல சட்டை போட்டிருந்தது, அவ்வளவுதான்.

மேசைக்குத் திரும்பியபோது பைராம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, கதவை அடைக்கும் உடம்பு, கிரேனையும் எண்ணெய் அழுத்த இயந்திரத்தையும் ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர். கையில் லவாஷ் ரொட்டியில் சுருட்டிய அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும்.

"பாஜி, இந்தாங்க. வெண்ணெய் ரெண்டு மடங்கு போடச் சொன்னேன். வெறும் வயித்தோட மேல ஏறினா வாந்திதான் வரும், விருந்தாளிங்க மேலயே விழும்," என்றார். உடன்பிறந்தவளைக் கூப்பிடுவதுபோல ஒன்பது வருடமாக அவளை அவர் 'பாஜி' என்றுதான் கூப்பிடுகிறார். அவளுக்கு அவர் 'தாதாஷ்', அண்ணன்.

"பசிக்கல தாதாஷ்."

"கையை ஏன் பையிலேயே வச்சிருக்கீங்க?"

"குளிர்."

"ஹீட்டருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுக் குளிராம்! பயமா இருக்குன்னு சொல்லுங்களேன், யாரு சிரிக்கப் போறா? நான் சிரிப்பேன், அது வேற." அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அஹர் பூகம்பத்துல வீடு விழுந்தப்போ நீங்க உள்ள இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும் பாஜி. ஆடுற தரையில உங்களை ஏத்தறது எனக்கே பிடிக்கல."

அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டாள். மென்றாள். மீதியை மேசையில் வைத்துவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு விருந்தினர் வந்தார்கள், புது மருத்துவமனை கட்டப்போகிற குழுவிலிருந்து ஐந்து பேர். பாதாம் குராபியா பிஸ்கட்டும் டீயும் சுற்றிவந்தன. தளத்தின்மேல் நிஜ அறுவைக் கட்டில், நிஜ விளக்குக் கம்பம், தட்டு நிறையக் கத்தி கத்தரிக்கோல். நாலாவது தாங்கிக்கு நேர்மேலே சிவப்புச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஏறுகிறவர் நிற்கவேண்டிய இடம் அது.

செவில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தாள். ஏணியில் கை வைத்தபோது பைராம் குறுக்கே வந்து நின்றார்.

"மன்னிக்கணும் டாக்டர்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இத்தனை ஆம்பளைங்க கீழ நின்னு டீ குடிக்க, பாஜி மேல நிக்கிறதா? இன்னிக்கு நான் ஏறறேன்."

"வேண்டாம்," என்றாள் செவில்.

"உங்களுக்கு நான் பலி பாஜி, விடுங்க."

எங்கள் ஊரில் இதற்கு அர்த்தமே கிடையாது. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போதுகூட இதைத்தான் சொல்வார். ஆனால் செவிலுக்கு அன்று காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது.

"இல்ல தாதாஷ், நான்தான் ஏறணும். சத்தியமா சொல்றேன், நீங்க ஏறக்கூடாது."

"நீங்க ஏறினா நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது."

"என் தலைமேல ஆணையா வேண்டாம்!"

விருந்தினர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் யார் முதலில் நுழைவது என்று இரண்டு பேர் கால்மணி நேரம் உபசரித்துக்கொள்கிற ஊர் இது. அதற்குத் தாரூஃப் என்று பெயர். 'வேண்டாம்' என்பதை இங்கே யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருமுறை வற்புறுத்துங்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

செவில் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிப் பார்த்தாள். "நான் செஞ்ச லட்சணத்துக்கு நீங்க அதுமேல கால் வைக்கணுமா? அது சரியா வரல தாதாஷ். நீங்க நிக்கிற தகுதி அதுக்குக் கிடையாது."

வெள்ளைத்தாடி விருந்தினர் ஒருவர் தலையை ஆட்டினார். "கைப்பக்குவம் இருக்கிறவங்க பேச்சு இப்படித்தாம்மா இருக்கும். நேத்து ரெண்டாயிரம் கிலோ மணல் மூட்டையைத் தாங்கியிருக்கு, சரியா வரலியாம்!" எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர்கூடச் சிரித்தார்.

அவள் சொன்னதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமானால் அவர்கள்மேல் பழிபோட முடியாது. சொன்ன மாதிரியும் இருக்கவேண்டும், சொல்லாத மாதிரியும் இருக்கவேண்டும் என்று அவள்தான் வார்த்தைகளைப் பொறுக்கியெடுத்தாள். கையுறை என்ற ஒரு சொல் போதும். அது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பைராம் அதற்குள் அவள் தலையிலிருந்த கவசத்தை மெல்லக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு டம்ளர் டீயோடு ஏணி ஏறிவிட்டார்.

"இந்த டீ ஒரு சொட்டு சிந்தினாலும் மீசையை எடுத்துடறேன்!" என்று சிவப்பு வட்டத்துக்குள் நின்றுகொண்டு கத்தினார். யாரோ ஏணியை அப்பால் தள்ளிவைத்தார்கள்.

டாக்டர் விசையைத் தட்டினார். நான்கு சுருளும் உறுமின. மேடை ஆடத் தொடங்கியது.

திரையில் எண்கள் ஓடின. மூன்று. நான்கு. சத்தம் கொட்டகையின் தகரத்தையே உலுக்கியது. பைராம் முழங்காலை லேசாக மடக்கி நின்று டம்ளரைத் தூக்கிக் காட்டினார். விருந்தினர் கைதட்டினார்கள். ஏழு. எட்டு. செவிலின் கண் நாலாவது தாங்கியைவிட்டு நகரவில்லை. மேலிருந்து இரண்டாவது அடுக்கின் விளிம்பில் மேல்தோல் கிழிந்து கறுப்பாக ஏதோ பிதுங்கியது, பல் துலக்கும் பசையைப் பிதுக்குவதுபோல.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

கத்திய மறுகணமே என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. நிறுத்து என்று யாராவது கத்தினால் சிவப்புப் பொத்தானை அடிக்கவேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பொத்தான் எல்லா மின்சாரத்தையும் வெட்டும், சுருளுக்குப் போவதையும் சேர்த்தே. டாக்டரின் கை உயர்ந்துவிட்டது.

செவில் பாய்ந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதைத் தொடாதீங்க! கரண்டு போனா அவர் விழுந்துடுவார்!"

"உனக்கென்ன பைத்தியமா?"

பதினான்கு. பதில் சொல்ல நேரமில்லை. சுவரோரம் இருந்த மின்பெட்டிக்கு ஓடினாள். பாகு வேகவைக்கும் நாட்களில் அவள் நாள்முழுக்க உட்கார்ந்திருக்கும் இடம் அது. அதிலிருந்த திருகைக் கணினிப் பக்கத்திலிருந்து கையால் இயக்கும் பக்கத்துக்குத் திருப்பினாள். பத்தொன்பது. இருபது. கணினி நிறுத்து என்று சொல்லியிருக்கும். சுருள்களின் உறுமல் நிற்கவில்லை. மேடை தன் கணக்குக்கு ஆடி முடித்து, நாற்பதாவது விநாடியில் ஓய்ந்தது.

பைராம் அப்படியே நின்றார். டம்ளரில் டீ அலைபாய்ந்துகொண்டிருந்தது.

"தாதாஷ், இறங்குங்க! மெதுவா இறங்குங்க!"

"என்ன பாஜி, மனசு கேக்கலியா?" என்று அவர் மேலிருந்து சிரித்தார். "உங்க பங்கையும் நானே ஆடிட்டேன்னு கோவமா?"

பெட்டியின் மேலே சூட்டுமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது. முழு மின்சாரத்தில் சுருள் இரண்டு நிமிடம் தாங்கும், அதற்குமேல் கருகாமலிருக்கத் தானே அணைந்துவிடும். யார் திருகைப் பிடித்துத் தொங்கினாலும் நிற்காது. முள் பாதியைத் தாண்டியது. இனி வார்த்தை பொறுக்க வழியே இல்லை.

"நாலாவது வேகல!" அவள் குரல் கிழிந்தது. "நான் வெள்ளைக் கையுறை போட்டுப் பிசைஞ்சேன். நீலம்னு பொய்யா எழுதினேன். உள்ள வெறும் பசை. காலைலயே வெட்டிப் பாத்துட்டேன். கரண்டு நின்னா அது நழுவிடும், நீங்க அதுமேலதான் நிக்கிறீங்க!"

பைராமின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. பலூனுக்காக வெளியே தள்ளப்பட்டவருக்கு வெள்ளைக் கையுறை என்றால் என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. தன் காலடியைப் பார்த்தார். டம்ளரை, சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்தவர்போல, கட்டிலின்மேல் வைத்தார்.

முதலில் ஓடியது டாக்டர்தான். இரும்பு ஏணியைத் தனியாக இழுத்துவந்து தளத்தில் சாய்த்தார். பைராம் வட்டத்தைவிட்டு ஓரடி வைத்தார். நாலாவது தாங்கியிலிருந்து சேற்றில் செருப்பு சிக்கி விடுபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் நின்றுவிட்டார்.

"நிக்காதீங்க தாதாஷ், வாங்க," என்றாள் செவில். முள் சிவப்புக்கு ஒரு விரலளவுதான் இருந்தது. திருகைப் பிடித்திருந்த கை வேர்வையில் வழுக்கியது. அஹரில் கூரை இறங்கியபோதுகூட அவள் இவ்வளவு பயந்ததில்லை. அன்று அவள் யாருக்கும் எதையும் செய்திருக்கவில்லை.

இன்னொரு அடி. இன்னொன்று. அவர் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு படி இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் தனக்குத் தெரிந்த எல்லாப் பிரார்த்தனையையும் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கடைசிப் படியில் டாக்டர் அவரைச் சட்டையோடு பிடித்து அப்பால் இழுத்தார்.

டக்கென்று ஒரு சத்தம். உறுமல் நின்றது.

பெரிதாக எதுவும் வெடிக்கவில்லை. தளத்தின் அந்த மூலை மட்டும் மெதுவாக, வழுக்கிக்கொண்டு, ஒரு முழம் பக்கவாட்டில் போய்ச் சரிந்தது. அறுவைக் கட்டில் உருண்டு ஓடியது. விளக்குக் கம்பம் சிவப்பு வட்டத்தின்மேல் குறுக்கே விழுந்தது, தளத்தின் விளிம்பு ஏணியைச் சுவரோடு வைத்து நசுக்கியது. கத்திகள் ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் விழுந்து ஓய்ந்தன.

டாக்டர் கனிஸாதே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. செவில் மேலங்கிப் பையிலிருந்த வட்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அதைச் செய்ய அவளுக்கு இப்போது ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

பைராம் கவசத்தைக் கழற்றிவிட்டு அவளெதிரே வந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"காலைலயேவா?"

"எட்டரைக்கு."

"நான் ஏணி ஏறும்போது?"

"தெரியும் தாதாஷ். தெரிஞ்சுதான் விட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். மறுபடி எடுத்தார். காலை மிதித்தவனிடம்கூடப் பரவாயில்லை, என் கால்தான் குறுக்கே வந்துவிட்டது என்று சொல்கிற மனிதர் அவர்.

"பரவாயில்லன்னு சொல்லணும் பாஜி," என்றார் கடைசியில். கண் நிறைந்திருந்தது. "சொல்லிட்டுப் போகலாம்னுதான் நிக்கிறேன். வாய் வரமாட்டேங்குது."

"சொல்லாதீங்க," என்றாள் செவில்.

அவர் சொல்லவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல், பெரிய கதவைத் திறந்துகொண்டு வெளியே பனியில் நடந்து போனார்.